அம்மாவின் ங்

12 நவம்பர் 2024, செவ்வாய்

நேற்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். சிறியதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் நான் லேபிள் சரிபார்க்கிறேன். எங்கள் சரக்கில் பாதி ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டுக்குப் போகிறது. அங்கே பிரெஞ்சு. லேபிளில் ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி துறைமுகத்தில் நின்றுவிடும் என்பார்கள். பிழையைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. தெரியாத மொழியை எத்தனை நாள் எழுத்தெழுத்தாகப் பார்ப்பது என்று ஜூலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரெஞ்சு மாலை வகுப்பில் சேர்ந்தேன். யூனிட்டில் சொன்ன காரணம் இது. சொல்லாத காரணம் அம்மா.

அம்மா பெயர் பரிபூரணம். ஐந்து வருடமாகப் பிரான்சில், மார்செய் என்ற ஊரில் இருக்கிறாள். எங்கள் பங்குச் சாமியாருக்குத் தெரிந்த பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள், அம்மா போனாள். அதற்கு முன் பதினோரு வருடம் நான் இப்போது இருக்கும் இதே யூனிட்டில்தான் பேண்டேஜ் சுருட்டினாள். அடுத்த வருடம் வருவதாக மூன்று வருடமாகச் சொல்கிறாள்.

தினமும் அங்கே மதியம் ஒன்றரைக்கு, இங்கே மாலை ஆறுக்கு, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். போனில் எழுத்துத் தட்டுவது அவளுக்கு ஆகாது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி நான் உட்காரும்போது அது வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை கேட்பேன். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவேன். இது எங்கள் மூவருக்கும் பழக்கம்.

வகுப்பு தேரடிக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். கௌதம்ராஜ் சார் மம்சாபுரத்துக்காரர், பாண்டிச்சேரியில் படித்தவர், எங்களைவிட ஐந்தாறு வயதுதான் கூட. தான் பிரான்சுக்குப் போனதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் வகுப்பில் திருத்தச் சீட்டு என்று ஒன்று உண்டு. ஒருவர் பேசிப் பதிவு செய்ததை இன்னொருவர் கேட்டு மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். சொன்னது, சொல்ல வேண்டியது, மார்க். அதைப் போட்டோ எடுத்துப் பேசியவருக்கே அனுப்ப வேண்டும். யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யூனிட்டில் செய்வதும் அதுதானே.

போன வெள்ளிக்கிழமை சார் பலகையில் நான்கு சொற்களை எழுதினார். பேண்டேஜ், மெசேஜ், கேரேஜ், மசாஜ்.

"நாலும் பிரெஞ்சுதான். அங்க நாலுக்கும் வால் ஒண்ணு, 'ஆஜ்'. பந்தாஜ், மெசாஜ், கராஜ், மசாஜ். இங்கிலீஷ்காரன் பேண்டேஜையும் மெசேஜையும் கடைசில 'இஜ்'ஜுன்னு நறுக்கிட்டான். மசாஜ அப்படியே விட்டுட்டான். நாம எழுத்தப் பாத்து 'ஏஜ்'னு நீட்டிட்டோம்."

பாண்டிசெல்வி கை தூக்கினாள். கூமாப்பட்டிக்காரி, நர்சிங் முடித்தவள், எனக்குப் பக்கத்து நாற்காலி. "அப்ப மசாஜ் மட்டும் ஏன் சார் நமக்கும் மசேஜ் ஆகல?"

"மசேஜுன்னா எவனும் வந்து படுக்க மாட்டான்" என்றார் சார். சிரித்து முடித்ததும், "நெசமாத் தெரியல. ஒவ்வொரு சொல்லும் வந்த பஸ் வேற" என்றார்.

வீட்டுப்பாடம் கொடுத்தார். நம் வீட்டுப் பேச்சில் இருக்கும் ஐந்து பிரெஞ்சுச் சொற்களைப் பிடித்து, யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். நான் வெகுதூரம் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மாவின் வாய்ஸிலேயே ஐந்தும் இருந்தன. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி வின்சி, அம்மா பேசுதேன். இங்க நல்ல காத்து. காலைல கூப்போங் வெட்டி வச்சிருந்தேன், எங்கிட்டோ பறந்துருச்சு. பெரியம்மாவுக்குக் கொத்தோங் சட்ட ரெண்டு தொவைச்சுப் போட்டேன். கார்த்தோங்க மடக்கிக் கீழ கொண்டு போய்ப் போட்டேன். கீழ இருக்க ரெஸ்தொராங்ல மீன் வறுக்கான், வாசன இங்க வருது. இப்பச் செத்த நேரம் சலோங்ல உக்காந்துருக்கேன். நீ சாப்ட்டியா?"

நம் கூப்பன், காட்டன், கார்ட்டன், ரெஸ்டாரன்ட், சலூன்தான் அவை. சலூன் என்றால் நமக்கு முடிவெட்டும் கடை, அங்கே வீட்டின் முன் அறை. முதன்முதலாக அம்மா சலோங்கில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னபோது அப்பா, "சலூன்ல இவளுக்கு என்ன வேல" என்று ரொம்ப நேரம் சிரித்தார்.

சார் சொல்லித்தந்தபடி இந்தச் சொற்களின் கடைசி எழுத்தை வாயால் சொல்லவே கூடாது. சத்தத்தை மூக்கில் விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். நாக்கு எங்கும் படக் கூடாது. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் 'ன்' போட்டு மேலே ஒரு சுழி போடச் சொல்லியிருக்கிறார். அம்மா ஐந்திலும் 'ங்' போட்டு அழுத்தமாக முடித்திருந்தாள். திருத்தச் சீட்டு ஒன்றில் எழுதி ஐந்தையும் சுழித்தேன். சொல்லுக்கு இரண்டு மார்க், பாதி சரி என்பதால் ஒன்று. பத்துக்கு ஐந்து.

நேற்று வகுப்பில் அந்த வாய்ஸைப் போட்டார்கள். சார் சீட்டைப் படித்துவிட்டு, "ஒங்களுக்குக் காது நல்லா இருக்கு" என்றார். அந்தப் பாராட்டோடு பஸ் ஏறியவள், பாதி வழியில், சீட்டைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இன்று வகுப்பில் உன் குரல்தான் பாடம்" என்று எழுதி, ஒரு சிரிப்புப் படமும் வைத்தேன்.

இன்று ஆறு மணிக்கு வாய்ஸ் வரவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்கள் எதிரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஆறு இருபதுக்கு, எழுத்தில் ஒன்று வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தாள்.

சரிம்மா. திருத்திக்கிறேன்.

14 நவம்பர், வியாழன்

நேற்று, "சாப்டாச்சா." இன்று, "பஸ் கெடச்சுதா." இரண்டும் எழுத்தில். இரண்டிலும் கடைசியில் புள்ளி வைத்திருக்கிறாள். புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கோபமாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதினேன். இல்லை என்று எழுதினாள்.

அப்பா ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்து குளித்து, சாப்பிட்டு, வழக்கம்போல நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். போனை நேராகப் பார்க்க மாட்டார். சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பார்.

"ஒங்கம்மா என்னட்டி சொல்லுதா?"

"பஸ் கெடச்சுதான்னு கேட்டிருக்காப்பா."

"கேட்டிருக்காளா, எழுதிருக்காளா?"

"எழுதிருக்கா."

"மூணு நாளா எழுத்துதானா." காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எழுத்துல அவ எங்கட்டி இருக்கா. பழசு ஏதாவது கெடந்தாப் போடு."

ஞாயிற்றுக்கிழமை வாய்ஸையே போட்டேன். அந்தச் சீட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கூப்போங், கொத்தோங், கார்த்தோங். ஒவ்வொரு ங்கும் வெண்கலச் செம்பை விரலால் சுண்டின மாதிரி கொஞ்ச நேரம் நின்று அடங்கியது. சுழிக்கும்போது இதை நான் கேட்டிருக்கவில்லை. பிழை எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் இப்போது காதில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அரை மணி நேரப் பாதை இத்தனை நீளம் என்று தெரியாது.

17 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து ஒரு வேலை செய்தேன். எனக்கு ஒன்றில் சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தால்தான் தூக்கம் வரும்.

இந்தப் போனில் அம்மாவின் வாய்ஸ் 412 இருக்கின்றன. பழைய போனிலும் கொஞ்சம். அவற்றில் அம்மாவுக்குப் பின்னால் வேறு யாராவது பேசுவது கேட்கிறவற்றை மட்டும் தனியாக எடுத்தேன். ரொட்டிக் கடை, மீன் சந்தை, டிராம், மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரி. மொத்தம் 31. காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

ரொட்டிக் கடைக்காரி 'நாளைக்கு' என்று சொல்ல 'துமெங்' என்கிறாள். ரொட்டியைப் 'பெங்' என்கிறாள். மீன்காரர் எதற்கோ 'சரி, சரி' என்று தலையாட்டுகிற மாதிரி 'போங், போங்' என்கிறார். 31இல் 26இல் அந்த ங் இருக்கிறது. அம்மா தவறாகச் சொல்லவில்லை. அந்தத் தெருவே அப்படித்தான் பேசுகிறது. அவள் அவர்களிடமிருந்து கேட்டதைச் சொல்லியிருக்கிறாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே சுழித்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய போனில் அவள் போன முதல் வருடத்து வாய்ஸ் ஒன்று கிடைத்தது. அப்போது அதைச் சரியாகக் கேட்காமலே சாப்பாட்டுப் படம் எதையோ பதிலாக அனுப்பியிருக்கிறேன்.

"கை வெட்டிருச்சுன்னு மருந்துக் கடைக்குப் போனேன்ட்டி. பேண்டேஜ் கேக்கணும், பேரு தெரியல. பதினோரு வருசம் நான் சுருட்டுன துணி. கண்ணாடிக்குள்ள எனக்கு முன்னால இருக்கு. ஊமச்சி மாதிரி கைய நீட்டுனேன். அந்தப் பிள்ள 'பந்தாஜ்'ன்னுச்சு. அட, நம்ம பேண்டேஜ்தான், கொஞ்சம் வாயத் தொறந்து சொன்னா அம்புட்டுதான். அன்னையில இருந்து நம்மூர்ல தெரிஞ்ச சொல்ல எல்லாம் வாயத் தொறந்து சொல்லிப் பாக்கேன். சிலதுக்குச் சிரிக்காக. சிலதுக்கு உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுக்காக."

அவள் ஒரு மொழியை இப்படித்தான் சேர்த்திருக்கிறாள். நமக்கு வந்து சேர்ந்த சொற்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கடையிலும் நீட்டிப் பார்த்து.

18 நவம்பர், திங்கள்

வகுப்பு தொடங்குமுன் சாரிடம் போனைக் கொடுத்தேன். ரொட்டிக் கடை, மீன்காரர், டிராம் மூன்றையும் கேட்டார். திரும்பவும் ரொட்டிக் கடையைக் கேட்டார். இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்து ஒயரைச் சுருட்டினார்.

"நான் படிச்சது பாரீஸ் பேச்சு. அந்த நாட்டுல தெக்க இப்படிப் பேசுவாங்கன்னு ஒரு தடவ படிச்சிருக்கேன். காதால இன்னைக்குத்தான் கேக்கேன்." பிறகு வகுப்பைப் பார்த்து, "போன வாரம் வின்சியோட சீட்டுக்குக் காது நல்லா இருக்குன்னு சொன்னேன்ல. எனக்குத்தான் சீட்டு எழுதணும்" என்றார்.

"அப்ப மார்செய்க்காரவுக நம்ம மாதிரி தெக்கத்தி ஆளுகளா சார்?" என்றாள் பாண்டிசெல்வி.

"அப்படித்தான் வச்சுக்கங்க."

"அதான பாத்தேன். நாம எல்லாம் வருகிறேன்னா சொல்லுதோம். பஸ் போர்டுல ஸ்ரீவில்லிபுத்தூர்னு இம்புட்டு நீளத்துக்கு எழுதிருக்கு. கண்டக்டர் சீவிலுத்தூருங்கான். ஒருத்தரும் அவருக்குச் சீட்டு குடுக்கல, அவருதான் நமக்கு டிக்கெட் குடுக்காரு."

"ராஜபாளையம் மட்டும் என்ன, ராசபாளையந்தான்" என்றார் பின் வரிசையில் பிரேம்குமார். ஹோட்டல் வேலைக்காகப் படிப்பவர், அதிகம் பேச மாட்டார். "நம்ம டிப்போவுலயும் கடைசில ஒரு 'டி' எழுத்து ஊமையா கெடக்காம் சார். எழுதுறப்ப இருக்கு, சொல்றப்ப இல்ல. அவிய நாட்டுலயும் அப்படித்தான், இங்கிலீஷ்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். அத மட்டும் எல்லாரும் ஒத்துமையா முழுங்கிருக்காக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய சீட்டில் ஐந்தை அடித்துப் பத்து என்று எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கினேன். பஸ்ஸில் அம்மாவுக்கு நீளமாக எழுதினேன். நீ சொன்னதுதான் சரி, நானும் சாரும் தவறாகச் சொல்லிவிட்டோம், 31இல் 26இல் அப்படித்தான் இருக்கிறது, இதோ புதிய மார்க். படமும் வைத்தேன். அனுப்பியதும் மனம் லேசானது. நாளை ஆறு மணிக்குப் பேசிவிடுவாள் என்று நினைத்தேன்.

19 நவம்பர், செவ்வாய்

ஆறு மணிக்கு எழுத்தில் வந்தது. "ரொம்ப சந்தோசம்மா." புள்ளி.

இன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் சீட்டு, வகுப்பில் போட்டது, 31, ரொட்டிக் கடை, இரண்டாவது சீட்டு. இரண்டு படத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மொதல்ல அஞ்சு போட்ட."

"ஆமாப்பா."

"இப்பப் பத்துப் போட்டிருக்க."

"ஆமா. அவ சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

"பேனாவ எப்பம்ட்டி கீழ வைப்ப?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார்.

"நீ எப்பவாச்சும் அவளுக்கு வாயத் தொறந்து பேசிப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"எம்புட்டு?"

எண்ணிப் பார்த்தேன். இந்தப் போனில் அம்மா அனுப்பியவை 412. நான் அனுப்பியவை ஒன்பது. அதில் நான்கு கிறிஸ்துமஸுக்கும் அவள் பிறந்த நாளுக்கும். இரண்டு தெரியாமல் கைபட்டுப் போனவை, அவற்றில் பஸ் இரைச்சல் மட்டும் இருக்கிறது. இந்த ஒன்பது போக நான் அனுப்பியதெல்லாம் எழுத்து. எழுதினால் அனுப்புமுன் படித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். என் குரலைப் பதிவில் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். அதனால் அவள் பேசினாள், நான் எழுதினேன். எழுத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அப்பா கேட்டார். இத்தனை வருடமும் நான் அவளுக்கு எழுத்தில்தான் இருந்திருக்கிறேன்.

இந்த ஒரு வாரம் பஸ்ஸில் எனக்கு இருந்தது போலத்தான் அவளுக்கு அந்த முன் அறையில் தினமும் இருந்திருக்குமோ. உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கேட்காமலே சுழித்ததுபோல, கேட்காமலே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

20 நவம்பர், புதன்

ஐந்தே முக்காலுக்கே பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். படித்துப் பதிவு செய்தேன். லேபிள் வாசிப்பதுபோல இருந்தது, அழித்தேன். மறுபடி படித்தேன், அழித்தேன். நான்காவது தடவை ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்து ஹாரன் அடித்ததில் பாதியில் நின்றுபோனது. தாளை மடித்துப் பைக்குள் போட்டேன்.

ஐந்தாவது தடவை, ஏறும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்ததைப் பேசினேன். என்ன சொன்னேன் என்று இப்போது முழுதாக ஞாபகம் இல்லை. சரியாக இருந்ததா என்று திரும்பக் கேட்கவும் இல்லை. "அம்மா, நான் வின்சி. பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். ஒரு வாரமா ஒன் சத்தம் இல்லாம எனக்குப் பஸ்ஸுல உக்கார முடியல. அப்பா காலண்டரப் பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு மார்க்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பேசும்மா." பின்னால் கண்டக்டர், "சீவிலுத்தூரு, சீவிலுத்தூரு, உள்ள தள்ளிப் போங்க" என்று கத்தியது அப்படியே விழுந்திருக்கும். முப்பத்தெட்டு விநாடி. அனுப்பிவிட்டேன்.

மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது பார்த்தேன். அவள் கேட்டுவிட்ட அடையாளம் இருந்தது. பதிவு செய்துகொண்டிருக்கிறாள் என்று அவள் பெயருக்குக் கீழே காட்டியது. கொஞ்ச நேரத்தில் அது மறைந்தது. மறுபடி காட்டியது. மறுபடி மறைந்தது. வகுப்புக்குப் போய், சார் பேசியது எதையும் நோட்டில் எழுதாமல், மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யாருட்டி அது" என்று பாண்டிசெல்வி முழங்கையால் இடித்தாள். "எங்கம்மா" என்றேன். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு" என்றாள்.

எதுவும் வரவில்லை.

21 நவம்பர், வியாழன்

இன்று சரியாக ஆறு மணிக்கு வாய்ஸ் வந்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. பஸ்ஸில் கேட்கவில்லை. வகுப்பு முடியும்வரை வைத்திருந்து, வீட்டுக்கு வந்து, அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகு இருவரும் சேர்ந்து கேட்டோம். அதையும் அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி வின்சி, அம்மா பேசுதேன். ஒன் சத்தத்தக் கேட்டேன். நாலு வாட்டி கேட்டேன். கண்டக்டரு சத்தத்தயும் கேட்டேன், அந்த ஸ்டாண்டு வாசனையே வந்துருச்சு. நீ ரெண்டாவது போட்ட மார்க்கு எனக்காகப் போட்டதுன்னு தெரியும்மா. ஒங்க சாரு பாவம், அவரையும் கையெழுத்துப் போட வச்சிருக்க. ஒன் மேல எனக்கு என்னட்டி கோவம். பேசுனா பழைய மாதிரியே வந்துருமேன்னுதான் எழுதிப் போட்டேன். சும்மா இருக்கல. டிவில செய்தி சொல்லுத பொம்பள வாயப் பாத்துப் பாத்துப் பழகுனேன். பெரியம்மா சிரிக்காக, இந்த வயசுல எதுக்குன்னு. நேத்து ரெண்டு வாட்டி சொல்லிச் சொல்லி அழிச்சேன். இன்னைக்கு வந்துருச்சு. இப்பக் கேளு."

பிறகு ஐந்து சொற்களையும் சொன்னாள். கூப்போன், கொத்தோன், கார்த்தோன், ரெஸ்தொரான், சலோன் என்று, நான் சீட்டில் சுழி போட்டு எழுதிய அதே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். ஒவ்வொன்றின் முடிவிலும் சத்தத்தை மூக்கில் விட்டு, நாக்கு எங்கும் படாமல், மெதுவாக நிறுத்தினாள். ஐந்தும் சரி. சார் சொல்வதைவிடச் சரி. ஒரு ங் கூட இல்லை.

"சரியா வந்துச்சா? எத்தன மார்க்கு?" என்று கேட்டு முடித்திருந்தாள்.

அப்பா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்துப் போனைப் பார்த்தார். "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். முதல் பாதியில் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து சொற்கள் வந்ததும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"யாருட்டி இது, செய்தி வாசிக்கவ மாதிரி" என்றார். பிறகு, "நல்லாத்தான் சொல்லுதா" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

குரல் வந்துவிட்டது. ஒன்பது நாளாக அதைத்தான் கேட்டேன், கிடைத்தது. ஆனால் நான் காத்திருந்தது அந்த ங்கோடு வரும் குரலுக்கு. அதை நான் சிவப்புப் பேனாவால் சுழித்தேன், அவள் ஒன்பது நாள் உட்கார்ந்து கழற்றி வைத்திருக்கிறாள். மீன் வறுக்கும் ரெஸ்தொராங்குக்கு மேல், காற்றடிக்கும் அந்தச் சலோங்கில், டிவிக்கு முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. நாளை ரொட்டிக் கடையில் இதே மாதிரி சொன்னால், இவள் எந்த ஊர்க்காரி என்று அந்தக் கடைக்காரி பார்ப்பாள்.

நீ முன்பு சொன்னதே நல்லா இருந்தது என்று எழுதத் தொடங்கினேன். எழுதியதைப் படித்தேன். அது மூன்றாவது சீட்டாக இருந்தது. அழித்தேன்.

பேனாவை லேபிள் பைக்குள் போட்டுப் பையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நாளை வெள்ளி. ஐந்தே முக்காலுக்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். பஸ் ஏறுமுன் கூப்போங், கொத்தோங், கார்த்தோங், ரெஸ்தொராங், சலோங் ஐந்தையும் அம்மா சொன்னபடியே, கடைசியில் ங் போட்டு, வாய்விட்டுச் சொல்லி அவளுக்கு அனுப்ப வேண்டும். மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது. என்ன மீன் வறுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.